புழுதியில் ஒரு பங்கு

காலையில் முகம் கழுவுவதைப் பயணம் தொடங்கிய இரண்டாம் வாரத்திலேயே குன்ஹில்ட் ஆசென் விட்டுவிட்டாள். கழுவி என்ன கண்டாள்? மினசோட்டாவிலிருந்து மேற்கே தங்கம் தேடிப் போகிற அந்தக் கூட்டத்தில் அவளுக்கு முன்னால் நாற்பது வண்டிகள் போயின. பின்னால் ஒருவரும் இல்லை. நாற்பது வண்டிகளின் சக்கரமும் அத்தனை எருதுகளின் குளம்பும் கிளப்புகிற புழுதி கடைசியாக வந்து உட்காருகிற இடம் அவள் முகம்தான். சாயங்காலம் அவள் வண்டி வந்து நிற்கும்போது, மாடு எது, மனுஷி எது என்று கிட்ட வந்து பார்த்தால்தான் தெரியும்.

மற்றவர்கள் புழுதி தின்னவில்லை என்று சொல்ல வரவில்லை. தின்றார்கள். ஆனால் முறை வைத்துத் தின்றார்கள். இன்றைக்கு முன்னால் போகிற வண்டி நாளைக்குக் கடைசிக்குப் போய்விடும். இன்றைக்கு இரண்டாவதாகப் போவது நாளைக்கு முன்னுக்கு வரும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. பணக்காரன் வண்டிக்கும் அதே புழுதி, பரதேசி வண்டிக்கும் அதே புழுதி. மேற்கே போகிற எல்லாக் கூட்டத்திலும் இதுதான் வழக்கம். நியாயமான வழக்கம்தான். அந்த நியாயத்துக்குள் குன்ஹில்ட் வண்டி மட்டும் வரவில்லை.

காரணம், அந்த வண்டியில் ஆண்பிள்ளை இல்லை. கூட்டத்தின் சட்டப்படி வண்டிக்கு ஒரு ஆண், ஆணுக்கு ஒரு துப்பாக்கி, ராத்திரி முறைக்காவல். அவள் புருஷன் டோர்கெர் இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவன்தான். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால் காய்ச்சலில் போய்விட்டான். நிலத்தை விற்றாகிவிட்டது, வீட்டில் வேறு ஆள் குடியேறியாகிவிட்டது. ஒன்பது வயது மகள் ராக்னாவையும், நான்கு எருதுகளையும், டாக்ரோஸ் என்கிற பசுவையும் வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? கூட்டத்தார் கூடி ஓட்டுப் போட்டார்கள். பின்னால் வரலாம், ஆனால் கூட்டத்தில் சேர்த்தி இல்லை என்று முடிவாயிற்று. சேர்த்தி இல்லாத வண்டிக்கு முறையும் இல்லை. தினமும் கடைசி.

இந்த ஓட்டுப் போடுகிற விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த மனிதர்களுக்கு அது ஒரு வியாதி. அடுப்பு மூட்டுவதற்கு முன் ஓட்டு, அணைப்பதற்கு முன் ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வா, பயணமா என்பதற்கு வாராவாரம் ஓட்டு. ஒருமுறை ஒரு குட்டையின் தண்ணீர் குடிக்க உகந்தது என்று பெரும்பான்மையாகத் தீர்மானித்துக் குடித்துவிட்டு, பெரும்பான்மை முழுவதும் மறுநாள் புதரோரம் உட்கார்ந்திருந்தது. ஓட்டுப் போடுகிற முறையும் வேடிக்கை. கை தூக்குவதில்லை. சரி என்பவர்கள் ஒரு பக்கம் நடந்து போய் நிற்பார்கள், வேண்டாம் என்பவர்கள் இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் வால் நீளமோ அந்தப் பக்கம் ஜெயம். ஹாஸ்கெல் என்கிற மரம் அறுக்கும் ஆலைக்காரர் கேப்டன் ஆனதும் அப்படித்தான். நல்ல உயரம், நல்ல குரல். அவர் பின்னால் போய் நிற்பது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. இத்தனை ஓட்டுப் போட்டவர்கள், இது யாருடைய மண், இதில் வண்டி ஓட்டலாமா என்று அந்த மண்ணுக்குரியவர்களிடம் மட்டும் ஒரு ஓட்டும் கேட்கவில்லை. வழிகாட்டியாக வந்த பாப்தீஸ்த் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் அம்மா அந்த மண்ணின் பூர்வகுடிகளான கிரீ இனத்தவள், அப்பா பிரெஞ்சுக்காரர். இரண்டு பக்கத்துச் சிரிப்பும் அவனுக்கு வரும்.

குன்ஹில்ட் அழுதுகொண்டு பின்னால் வருகிறவள் இல்லை. எருதுகளுக்கு இடப்பக்கம் நடந்தபடி நார்வே பாஷையில் அவற்றைத் திட்டிக்கொண்டே வருவாள். காலையில் கறந்த பாலை மூடி போட்ட வாளியில் ஊற்றி வண்டிக்கடியில் தொங்கவிடுவாள். பாதை போடுகிற குலுக்கலில் சாயங்காலம் அதில் வெண்ணெய் திரண்டிருக்கும். மோரும் வெண்ணெயும் இருக்கிற ஒரே வண்டி அதுதான். சட்டப்படி சேர்த்தி இல்லாத அந்த வண்டியைத் தேடிக் கூட்டத்திலிருந்த பாதி ஆண்கள் காப்பித்தூளும் உலர்ந்த ஆப்பிளும் எடுத்துக்கொண்டு வருவார்கள். வந்தவர்களில் சிலருக்கு வெண்ணெய் மட்டும் போதவில்லை. வண்டிக்கு ஆண் வேண்டும், அவ்வளவுதானே, நான் இருக்கிறேன் என்று மூன்று பேர் பெண் கேட்டார்கள். மூன்றாவது ஆள் கூட்டத்தின் செயலாளர் ஏமஸ் பெட்டிபோன். தன் வண்டிக்கும் முறை வேண்டும் என்று அவள் ஏற்கெனவே அவரிடம் கேட்டிருந்தாள். இடிதாங்கி விற்றுக்கொண்டிருந்தவர். அதே வியாபாரப் பேச்சில், தன்னைக் கட்டிக்கொண்டால் வரும் லாபங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தார்.

குன்ஹில்ட் வெண்ணெய் எடுத்த கரண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நான் உங்ககிட்ட என்ன கேட்டேன், மிஸ்டர் பெட்டிபோன்?"

"முறை கேட்டீங்க."

"புருஷன் கேட்டேனா?"

அவர் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பெட்டிபோன்தான் பயணக் குறிப்பு எழுதுகிறவர். குதிரையில் முன்னால் போவார். சாயங்காலம் வண்டிகள் வட்டமாக நின்று, நுகத்தடிகளைச் சங்கிலியால் பிணைத்து வட்டத்தை மூடியதும், ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அன்றைய நடப்பை எழுதிவிடுவார். சனிக்கிழமை மாலை அதை உரக்கப் படிப்பார்கள். பிடித்திருந்தால் ஓட்டுப் போட்டு ஏற்பார்கள். ஒவ்வொரு நாளும் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: எல்லா வண்டிகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அதை முதல்முறை கேட்டபோதுதான் குன்ஹில்டுக்கு விஷயம் புரிந்தது. அவர் அதை எழுதுகிற நேரத்தில் அவள் வண்டி இன்னும் இரண்டு மேடு தள்ளி வந்துகொண்டிருக்கும். வந்து பார்த்தால் வட்டம் மூடியிருக்கும். அவளும் மகளும் வெளியேதான் படுப்பார்கள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ராக்னாவின் இருமலைத்தான் பொறுக்க முடியவில்லை. முதலில் சும்மா தொண்டைக் கரகரப்பு. பிறகு படுத்தால் இருமல், எழுந்தால் இருமல். குழந்தையின் கண் இமைகள் சிவந்து வீங்கின. ஈரத்துணியை முகத்தில் கட்டி வண்டிக்குள் படுக்க வைத்தாள். மதியத்துக்குள் துணி சேற்றுப் பட்டையாகிவிடும். மலைகள் இன்னும் கண்ணில்கூடப் படவில்லை. டோர்கெரைப் புதைத்த மண்ணையே நகத்திலிருந்து இன்னும் முழுசாகக் கழுவவில்லை என்று அவளுக்குத் தோன்றும். இவளையும் எங்காவது பாதையோரம் புதைத்துவிட்டுப் போக வேண்டியிருக்குமோ என்கிற பயம் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள். தானே துப்பாக்கி பிடிக்கிறேன், ராத்திரிக் காவலும் நிற்கிறேன், மற்றவர்களைப் போலத் தனக்கும் முறை கொடுத்தால் போதும் என்றாள். சலுகை வேண்டாம், முன்னாலேயே போக வேண்டும் என்றும் இல்லை, எல்லோருக்கும் வருகிற அளவு புழுதி வரட்டும் என்றாள். சிலர் சிரித்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். கேப்டன் ஹாஸ்கெல் கெட்டவர் இல்லை. சட்டத்தை ஒருமுறை வளைத்தால் பிறகு நிமிராது என்று பயப்படுகிறவர். ஓட்டுக்கு விட்டார். அவள் வெண்ணெய் தின்றவர்களில் பாதிப் பேர் வேண்டாம் பக்கம் போய் நின்றார்கள். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் அவர்கள் காட்டிய மரியாதை. தோற்றாள்.

"சட்டம் அப்படி, மிஸஸ் ஆசென். நான் என்ன செய்ய?" என்றார் கேப்டன்.

"நீங்க எழுதின சட்டம்தானே, கேப்டன். மோசே மலையிலேர்ந்து கொண்டு வந்ததா?"

அன்றிலிருந்து யாருக்கும் வெண்ணெய் கிடையாது என்று சொல்லிவிட்டாள். காப்பித்தூளோடு வந்தவர்கள் காப்பித்தூளோடே திரும்பினார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

அடுத்த வாரம் ஆறு வந்தது. கரையோரம் இரண்டு பக்கமும் களிமண் சுவர்போல நின்றது. நடுவில் ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய சரிவான பள்ளம் ஆற்றில் போய் இறங்கியது. பாப்தீஸ்த் ஆற்றைப் பார்த்தான், மேற்கே கருத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தான். அரை நாள் மேலே போனால் கல் பரப்பில் முழங்கால் தண்ணீரில் தாண்டலாம் என்றான். அரை நாள் வீணாகிறதே என்று நாலு பேர் முனகினார்கள். முனகல் கேட்டால் என்ன செய்வார்கள்? ஓட்டுக்கு விட்டார்கள். இந்த இடத்தில் ஆறு ஆழமில்லை என்று பெரும்பான்மையாக முடிவாயிற்று. ஆற்றிடம் யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு முன்வண்டி கேப்டனுடையது. அது இறங்க, அதன் பின்னால் ஒவ்வொன்றாக நாற்பதும் பள்ளத்துக்குள் நெருக்கியடித்து இறங்கின. குன்ஹில்ட் வண்டி மட்டும் பள்ளத்தின் வாயில், பாதி உள்ளே பாதி வெளியே நின்றது. கேப்டனின் எருதுகள் நாலு அடி வைத்ததும் வயிறு நனைந்தது. ஆறாவது அடியில் கால் தரையில் பாவவில்லை. எப்படியோ மாடுகளை மட்டும் இழுத்துத் திருப்பினார்கள். முன்சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. அதற்குள் மேலே எங்கோ கொட்டிய மழைத் தண்ணீர் காப்பி நிறத்தில் வர ஆரம்பித்தது. மனிதர்கள் ஏறி ஓடிவிடலாம். வண்டிகளை விட்டுவிட்டு ஓடினால், மாவு, மருந்து, மண்வெட்டி எல்லாம் போகும். அதன் பிறகு தங்கத்தைத் தேடிப் போவதற்கு என்ன அர்த்தம்?

வழி ஒன்றுதான் இருந்தது. எருதுகளை அவிழ்த்துப் பின்பக்க அச்சில் சங்கிலி மாட்டி, வண்டிகளைப் பின்னோக்கி மேலே இழுக்க வேண்டும். ஆனால் ஒன்றை இழுக்க அதன் பின்னால் நிற்பது நகர வேண்டும். அது நகர அதற்குப் பின்னால் நிற்பது நகர வேண்டும். இப்படிக் கரையிலிருந்து வாய்க்கு வாய் ஒரே வார்த்தை ஏறிக்கொண்டு வந்தது: கடைசி வண்டியைத் திருப்பச் சொல்.

குன்ஹில்ட் தன் முன் எருதின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்புவரை சேறாகக் கேப்டன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மிஸஸ் ஆசென், வண்டியைத் திருப்புங்க. சீக்கிரம்."

"எந்த வண்டியை?"

"உங்க வண்டியத்தாங்க."

"என் வண்டி கணக்குலயே கிடையாதே, கேப்டன். மிஸ்டர் பெட்டிபோன் தினம் எழுதுறாரு. எல்லா வண்டியும் வந்தாச்சுன்னு."

"இது பேசற நேரமா? தண்ணி ஏறுது."

"தெரியுது. அதனாலதான் சொல்றேன், சுருக்கா ஓட்டுக்கு விடுங்க. இந்த வண்டிக்கும் முறை உண்டுங்கறவங்க ஏறி என் மாட்டுக்கு இந்தாண்ட வந்து நிக்கட்டும். கூடாதுங்கறவங்க ஆத்துப் பக்கமே நிக்கட்டும். வால் எந்தப் பக்கம் நீளம்னு பார்ப்போம்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஓட்டு எப்படிப் போனாலும் அவள் வண்டியைத் திருப்பித்தான் இருப்பாள். பின் அச்சில் சங்கிலியை ராக்னா எப்போதோ மாட்டியிருந்தாள். அவளும் தாயும் அந்த ஜனங்களை மூழ்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் இல்லை. ஆனால் கேப்டன் சங்கிலியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கூட்டத்தார் அத்தனை பேருடைய புழுதியும் இருந்தது.

அந்தப் பயணத்தில் அவ்வளவு சீக்கிரம் நடந்த ஓட்டு வேறு இல்லை. முழங்கால் நனைந்தவர்கள் முதலில் வந்தார்கள், அப்புறம் கணுக்கால் நனைந்தவர்கள். பெட்டிபோன் குதிரையோடு வந்து நின்றார். ஆற்றுப் பக்கம் கடைசியில் ஒருவரும் மிஞ்சவில்லை. கேப்டன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறிவிட்டு, நாலு எட்டு நடந்து அவள் சொன்ன பக்கமே போய் நின்றார். பாப்தீஸ்த் மட்டும் தனக்கு ஓட்டு இல்லை என்பதால் களிமண் மேட்டின்மேல் உட்கார்ந்து புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏகமனதா, மதாம்," என்றான் அங்கிருந்தே.

அவள் எருதுகளைத் திட்டிய திட்டு அன்றைக்குப் பள்ளம் முழுக்கக் கேட்டது. அவள் வண்டி வெளியேறியது. அவளுடைய எருதுகளையே அவிழ்த்து அடுத்த வண்டியின் பின்னால் பூட்டி இழுத்தாள். பிறகு அடுத்தது. தண்ணீர் ஒவ்வொரு வண்டியாகத் துரத்திக்கொண்டே வந்தது. கேப்டனின் வண்டி கடைசியாக வந்தபோது பின்பலகையும் ஒரு பீப்பாய் வினிகரும் ஆற்றோடு போயிருந்தன. உயிர்ச்சேதம் இல்லை. குடை சாய்ந்த வண்டி இல்லை. ஆண்கள் சேற்றில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். குன்ஹில்டும் சிரித்தாள். அவள் சிரித்ததைக் கூட்டத்தில் பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

வண்டி வரிசை தலைகீழாகிவிட்டதால் கடைசி வண்டிதான் இப்போது முதல் வண்டி. மறுநாள் காலை, மழை கழுவிய புல்வெளியில் பாப்தீஸ்த் பக்கத்தில் நடக்க, அவள் கூட்டத்தை மேலே கல் பரப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்முன் முகம் கழுவிக்கொண்டாள். ராக்னா துணியை அவிழ்த்துவிட்டு முன் பலகையில் வந்து உட்கார்ந்தாள். முன்னால் ஒரு எருதின் வால்கூட இல்லை.

"அம்மா, புல்லு இந்த நிறமா இருக்கும்?" என்று கேட்டாள்.

குன்ஹில்டுக்கு அழுகை வந்துவிட்டது. டோர்கெரைப் புதைத்தபோதுகூட வராத அழுகை. நடந்துகொண்டே அழுதாள். முன்னால் யாரும் இல்லாததால் பார்ப்பவர் யாருமில்லை. பாப்தீஸ்த் பார்த்தும் பார்க்காதவன்போல வந்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு முறை வந்தது. கேட்டபடியே காவலும் நின்றாள். விடியற்காலைக் காவலில் தூங்கிவழிகிற ஆண்களைத் துப்பாக்கிக் கட்டையால் குத்தி எழுப்பியதாகக் கேள்வி. மாலையில் வட்டம் மூடும்போது ஆசென் வண்டிக்கு ஒரு இடம் விட்டு மூடினார்கள். வெண்ணெய்க்கும் தடை நீங்கியது. வரிசை தலைகீழானதில் ஒரு விசேஷம். கேப்டன் வண்டி முன்னால் போகிற நாளுக்கு மறுநாள் எப்போதும் அவள் முறை. ராக்னாவின் இருமல் மலைக்காற்று பட்டதும் குறைந்து, கணவாய் ஏறும்போது நின்றேவிட்டது.

பின்னாளில், கூட்டம் தங்கம் தேடிப் போய்ச் சேர்ந்த கெட்டில் ஓடையில் குன்ஹில்ட் சாப்பாட்டுக் கடை வைத்தாள். தங்கம் கிடைத்தவனும் கிடைக்காதவனும் அங்கேதான் தின்றான். பெஞ்சில் இடம் பிடிக்க இன்றைக்கு முண்டியடித்து முதலில் உட்கார்ந்தவனுக்கு நாளைக்குக் கடைசிப் பந்திதான். எவ்வளவு பெரிய ஆளானாலும் இதில் மாற்றமில்லை. அங்கே சாப்பிட்ட எங்களில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அவள் வீட்டுச் சட்டம் அப்படி. பெட்டிபோன் அங்கே பதினோரு வருஷம் சாப்பிட்டார். மறுபடி பெண் கேட்டாரா என்பது தெரியாது. கேட்டிருந்தாலும் மோர்தான் கிடைத்திருக்கும்.

ஓடைக்கு வந்து சேர்ந்த நாளைச் சொல்லவில்லையே. முந்தின நாள் கேப்டன் முறை. அன்றைக்கே ஊருக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று எருதுகளை இருட்டும்வரை விரட்டினார். நடக்கவில்லை. மேட்டின்மேல் நின்று தூரத்தில் ஊரின் புகையைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்க வேண்டியதாயிற்று. விடிந்ததும் கையில் தொப்பியோடு குன்ஹில்டிடம் வந்தார்.

"மிஸஸ் ஆசென், ஊர் ஜனமே வந்து நின்னு பார்க்கும். முன்னால கேப்டன் போறதுதான் முறைன்னு..." என்று இழுத்தார். "இன்னைக்கு மட்டும் மாத்திக்கலாமா?"

அவள் ராக்னாவின் பின்னலை முடிந்துகொண்டிருந்தாள். "எனக்கொண்ணுமில்லை, கேப்டன். ஓட்டுக்கு விடுங்க."

கேப்டன் திரும்பிக் கூட்டத்தாரைப் பார்த்தார். எல்லோரும் நுகத்தடி பூட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். ஆனால் ஒரு காதும் வேறு எங்கும் இல்லை. அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தன் வண்டிக்கு நடந்தார். நேற்று முன்னால் போன வண்டி இன்று எங்கே போகும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கெட்டில் ஓடையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சல்லடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மூன்று மாதமாக அவர்கள் புது முகம் பார்க்கவில்லை. வளைவைத் திரும்பி முதலில் வந்தது சலவை செய்த ஏப்ரனோடு நடந்து வந்த ஒரு பெண்பிள்ளை. கையில் சாட்டை, பின்னால் நான்கு எருதுகள், முன் பலகையில் மஞ்சள் பின்னல் போட்ட ஒரு சிறுமி, வண்டிக்குப் பின்னால் மணி கட்டிய ஒரு பசு. யாரோ தொப்பியைத் தூக்கி எறிந்தான். பிறகு எல்லோரும் எறிந்தார்கள். ராக்னா ராணிபோல இரண்டு பக்கமும் கையசைத்தாள். யாருக்கும் அது அதிகம் என்று படவில்லை. குன்ஹில்ட் அசைக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஆனால் அவள் கன்னம் துடித்ததைக் கிட்ட இருந்தவர்கள் பார்த்தார்கள்.

வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து ஓடையோரம் நின்றன. பெட்டிபோன் வழக்கம்போல ஒரு பெட்டியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து மைக்கூட்டைத் திறந்தார். பேனாவை முக்கி, பழகிய கையோடு அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதப் போனார். குன்ஹில்ட் பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அவர் பக்கம் வந்தாள்.

"அவசரப்படாதீங்க, மிஸ்டர் பெட்டிபோன். இன்னும் எல்லாரும் வரலை."

அவர் நிமிர்ந்தார். இரண்டு மேடு தள்ளிப் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. பேனாவைக் கீழே வைத்தார். அவளும் அவரும் ஊர் ஜனங்களும் காத்திருந்தார்கள். கடைசியில் பின்பலகை இல்லாத வண்டி ஒன்று வளைவில் தெரிந்தது. பக்கத்தில் நடந்து வந்தவருடைய தாடி, புருவம், தொப்பி எல்லாம் ஒரே நிறம். அவர்தான் கேப்டன் என்பது இருமியபோதுதான் தெரிந்தது. குன்ஹில்ட் வாளியிலிருந்து ஒரு குவளை மோர் ஊற்றி எடுத்துக்கொண்டு எதிரே போய் அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு பெட்டிபோனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப எழுதுங்க," என்றாள்.